மேனுவல் ஜிடி86-இல் ஸ்போர்ட் மோடு பொருத்தலாமா?

டொயோட்டா ஜிடி86, அதோடு ஒரே ஆலையில் பிறந்த சுபாரு பிஆர்இசட், இந்த இரண்டிலும் ஆட்டோமேட்டிக் வாங்கியவருக்கு கியர் லீவர் பக்கத்தில் ஸ்போர்ட் என்று ஒரு சுவிட்ச் உண்டு. மேனுவல் வாங்கியவருக்கு அந்த இடம் காலி. ஓட்டுகிற சுகத்துக்காகவே மூன்று பெடல் வண்டியைத் தேடிப் பிடித்து வாங்கியவருக்கு இது உறுத்தத்தான் செய்யும், அதிலும் பழைய வண்டி உடைக்கும் இடத்தில் அந்த சுவிட்ச் சல்லிசாகக் கிடைக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் கை சும்மா இருக்காது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த சுவிட்சை வாங்கி மாட்ட வேண்டாம். ஆனால் அந்த சுவிட்ச் இருந்தால் என்னென்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதில் சிலவற்றை வேறு வழியில், வண்டியைக் கெடுக்காமல், வேண்டாம் என்றால் பழையபடி திருப்பிவிடுகிற விதத்தில் கொண்டுவரலாம். எது முடியும், எது முடியாது, எதில் காசு போடலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். 2012-இல் வந்த முதல் தலைமுறை வண்டியை மனதில் வைத்துப் பேசுகிறேன், மற்ற வண்டிகளைப் பற்றி நடுநடுவே வரும்.

அந்த பட்டன் என்னதான் செய்கிறது

எந்த கம்பெனி வண்டியாக இருந்தாலும் ஸ்போர்ட் மோடு என்பது ஒரு தனிப் பொருள் அல்ல, ஐந்தாறு வேலைகளை ஒரே பட்டனில் கட்டிவைத்த மூட்டை. ஆக்ஸிலரேட்டரைச் சீக்கிரம் திறக்க வைப்பது, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை மேல் ஆர்பிஎம்மில் பிடித்து வைப்பது, ஸ்டீயரிங்கை கனமாக்குவது, ஷாக் அப்சார்பரை இறுக்குவது, எக்ஸாஸ்ட்டில் ஒரு வால்வைத் திறந்து சத்தம் கூட்டுவது, வழுக்கலைத் தடுக்கும் எலெக்ட்ரானிக்ஸைக் கொஞ்சம் தளர்த்துவது. இதில் எவையெல்லாம் நடக்கும் என்பது வண்டியில் என்ன சாமான் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இப்போது ஜிடி86-ஐ வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்தான், ஆனால் கனம் மாற்றும் மோடு கிடையாது. ஷாக் அப்சார்பர் சாதாரண வகை, ஒயர் மூலம் இறுக்க முடியாது. எக்ஸாஸ்ட்டில் வால்வு இல்லை. கியரைத் தாமதமாக மாற்றும் வேலை உங்கள் வலது கையோ இடது கையோ ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. மிச்சம் இருப்பது இரண்டே இரண்டு: ஆக்ஸிலரேட்டரின் வேகம், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலின் பிடி. இதில் இரண்டாவது உங்களிடம் இப்போதே இருக்கிறது. 'விஎஸ்சி ஸ்போர்ட்' என்று ஒரு பட்டன் இருக்கிறதல்லவா, அது மேனுவலிலும் உண்டு. அதை அழுத்தினால் பின்பக்கம் கொஞ்சம் நழுவுகிற வரை கம்ப்யூட்டர் பொறுத்துக்கொள்ளும், எல்லை மீறினால்தான் உள்ளே வரும். 2017 மாடலில் இதன் இடத்தில் ட்ராக் மோடு வந்தது. ஆக, கம்பெனி தரக்கூடிய ஸ்போர்ட் மோடில் பாதி உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, அதை வண்டி வாங்கிய நாளிலிருந்து தொடாதவர்கள் நிறையப் பேர்.

ஆட்டோமேட்டிக்கில் அந்த ஸ்போர்ட் சுவிட்ச் முக்கியமாகப் பேசுவது கியர்பாக்ஸ் கன்ட்ரோலரோடு. மேனுவலில் அந்த கன்ட்ரோலரே கிடையாது. சுவிட்சைக் கொண்டுவந்து மாட்டினால், அழுத்தலாம், 'டக்' என்று சத்தம் வரும், அதன் சொல்லைக் கேட்க மறுமுனையில் யாரும் இல்லை. மாஸ்டா எம்எக்ஸ்-5 என்டி-யிலும் கதை இதேதான்: ஆட்டோமேட்டிக்குக்கு ஸ்போர்ட் சுவிட்ச் உண்டு, மேனுவலுக்குக் கிடையாது.

விதிவிலக்கு உண்டு. போர்ஷே 987 தலைமுறை பாக்ஸ்டர், கேமன் வண்டிகளில் ஸ்போர்ட் க்ரோனோ என்று ஒரு ஆப்ஷன் இருந்தது, டேஷ் மேல் ஒரு ஸ்டாப்வாட்ச் உட்கார்ந்திருக்குமே அதுதான். மேனுவலிலும் அதன் ஸ்போர்ட் பட்டன் ஆக்ஸிலரேட்டரைக் கூர்மையாக்கும், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலைத் தளர்த்தும், பிஏஎஸ்எம் என்ற மின்சாரத்தில் இறுகும் ஷாக் இருந்தால் அதையும் இறுக்கும். அங்கே கம்பெனியே மேனுவலுக்கென்று எழுதிய சாஃப்ட்வேர் இருப்பதால், பட்டன், ஒயரிங் எல்லாம் போட்டு, டீலரின் கருவியால் கோடிங் செய்து உயிர் கொடுக்க முடியும். உங்கள் வண்டி எதுவாக இருந்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இதே மாடலின் மேனுவல் வண்டியில் கம்பெனி இந்த மோடைக் கொடுத்து விற்றிருக்கிறதா? ஆம் என்றால் ரெட்ரோஃபிட், அதாவது பிறகு பொருத்துவது, என்ற பேச்சுக்கு அர்த்தம் இருக்கிறது. இல்லை என்றால் நீங்கள் செய்யப்போவது வேறு வேலை, அதற்குப் பெயர் ட்யூனிங்.

உங்களுக்கு உண்மையில் என்ன குறை?

இந்த இடத்தில் நேரம் செலவழியுங்கள், பணம் மிச்சமாகும். ஸ்போர்ட் மோடு வேண்டும் என்று சொல்பவர்களிடம் கொஞ்சம் பேசிப் பார்த்தால், குறை ஆளுக்கு ஆள் வேறாக இருக்கும். ஒருவருக்கு மிதித்ததும் வண்டி பாய வேண்டும், ஒருவருக்கு நடு ஆர்பிஎம்மில் இழுவை போதவில்லை, ஒருவருக்கு கியர் மாற்றும்போது ஆர்பிஎம் இறங்காமல் தொங்குகிறது, இன்னொருவருக்கு மழை நேரத்தில் எலெக்ட்ரானிக்ஸ் குறுக்கே வருகிறது. நான்குக்கும் மருந்து வேறு வேறு.

ஒரு எளிய சோதனை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஆள் நடமாட்டம் இல்லாத, வேக வரம்புக்குள் இதைச் செய்ய முடிகிற சாலையில், மூன்றாவது கியரில் 2,500 ஆர்பிஎம்மில் நிதானமாகப் போய், பெடலை முழுதாகத் தரையோடு மிதியுங்கள். பெடல் முழுதாகத் தரையில் இருக்கும்போதும் வண்டி சோம்பலாக இருந்தால் உங்கள் குறை ஆக்ஸிலரேட்டரில் இல்லை. உலகத்தில் எந்த ஸ்போர்ட் மோடும் 100 சதவீதத்தை 110 ஆக்காது. அது செய்வதெல்லாம் நீங்கள் 30 மிதித்தால் 50 மிதித்ததாக இன்ஜினிடம் சொல்வது. பிஎம்டபிள்யூ இ46 எம்3-யின் மேனுவலில் கம்பெனியே வைத்த ஸ்போர்ட் பட்டனும் இந்த வேலையைத்தான் செய்தது, அழுத்தினால் ஒரு குதிரைகூடக் கூடாது.

இரண்டாவது சோதனைக்கு வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஒரு ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனரும் போனில் ஒரு ஆப்பும் போதும். ஆக்ஸிலரேட்டர் பெடல் பொசிஷன், த்ராட்டில் (இன்ஜினுக்குக் காற்றை விடுகிற கதவு) பொசிஷன் இரண்டையும் ஒரே திரையில் வைத்துக்கொண்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, பெடலை காலால் கடைசி வரை மிதித்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் குனிந்து, காலடியில் கிடக்கும் ரப்பர் மேட்டை இழுத்துப் போட்டுவிட்டு, கையால் பெடலை அழுத்திப் பாருங்கள். கையால் அழுத்தும்போது எண் கூடுகிறதா? கூடினால் தடிமனான ரப்பர் மேட் பெடலை அடிவரை போகவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கிறது, உங்கள் ஸ்போர்ட் மோடு அந்த மேட்டுக்கு அடியில் கிடக்கிறது. (பெடலைத் தொடாமலே சில சதவீதம் காட்டும், முழுதாக மிதித்தாலும் 100 வராது. சென்சாரின் வோல்டேஜை அப்படியே சதவீதமாக்கிக் காட்டுவதால் வருவது அது, கோளாறு என்று பயப்பட வேண்டாம்.) இதே சாக்கில் ஏர் ஃபில்டர், ஸ்பார்க் ப்ளக்கின் வயது, டயர் காற்று, வீல் அலைன்மென்ட் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பத்து வருடம் ஓடிய வண்டியில் மந்தம் என்பது பல நேரம் பராமரிப்பு விஷயம்.

அந்தப் பள்ளம்

முதல் தலைமுறை ஜிடி86 ஓட்டியவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். 2 லிட்டர் எஃப்ஏ20 இன்ஜின், 200 எச்பி 7,000 ஆர்பிஎம்மில், 205 நியூட்டன் மீட்டர் டார்க் 6,400-இலிருந்து 6,600 வரை. காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் இன்ஜினின் இழுவையை அளக்கும் டைனோ கருவி வரைகிற கோட்டைப் பார்த்தால், 3,000-ஐ ஒட்டி ஒரு மேடு, அதன் பிறகு 3,500 தாண்டியதும் டார்க் கீழே இறங்கி, 4,500-ஐத் தாண்டித்தான் மறுபடி ஏறுகிறது. மலைப்பாதையிலோ, லாரியை முந்தும்போதோ நாம் அதிகம் புழங்குவது சரியாக அந்த இடத்தில்தான். கால் கேட்கிறது, இன்ஜின் ஒரு நொடி யோசிக்கிறது, ஓட்டுகிறவர் இதை 'பெடல் மந்தம்' என்று நினைத்துக்கொண்டு, பெடல் சிக்னலைப் பெருக்கி அனுப்பும் பெடல் பாக்ஸ் வாங்கப் போகிறார். ஸ்போர்ட் மோடு தேடுகிறவர்களில் பலர் உண்மையில் தேடுவது இந்தப் பள்ளத்துக்கு மருந்து என்றுதான் நான் நினைக்கிறேன்.

மருந்து இருக்கிறது. எக்ஸாஸ்ட் ஹெடரை (இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் முதல் குழாய்த்தொகுப்பு) மாற்றி, அதற்கேற்ப இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூவை ட்யூன் செய்தால் பள்ளம் பெருமளவு நிரம்பிவிடும். குழாய்கள் சம நீளத்தில் இருக்கும் ஹெடர் போட்டால் சத்தம் வழுவழுப்பாக இருக்கும், நீளம் மாறினால் பழைய சுபாருவின் அந்தக் கடகட சத்தம் வரும், அது உங்கள் ரசனை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்த இன்ஜினில் கம்பெனி ஹெடரோடு சேர்ந்தே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வருகிறது. கடையில் மலிவாகத் தள்ளுகிற பல ஹெடர்களில் அது இருக்காது. அதைப் போட்டால் புகைச் சோதனையில் தோற்கும், பொதுச்சாலையில் ஓட்டுவது பல நாடுகளில் சட்டவிரோதம், பின்னால் வருகிறவருக்கு நாற்றம். கேட்டலிஸ்ட் உள்ள ஹெடராக வாங்குங்கள், கொஞ்சம் எச்பி குறைந்தால் குறையட்டும். ஹெடரைத் தொடவே விருப்பமில்லை என்றால் ட்யூன் மட்டும் செய்தாலும் பள்ளம் ஓரளவு ஆழம் குறையும்.

இன்னொரு வழி, பலர் யோசிக்காதது: கியர் விகிதம். அமெரிக்காவில் 2017 மாடல் மேனுவலுக்கு டொயோட்டா ஃபைனல் டிரைவை (டிஃபரன்ஷியலில் இருக்கும் கடைசி கியர் விகிதம்) 4.1-இலிருந்து 4.3 ஆக்கியது, அதே இன்ஜினுக்கு 205 எச்பி கொடுத்ததோடு சேர்த்து. விகிதம் மாறினால் எல்லா கியரிலும் சக்கரத்துக்குப் போகும் இழுவை கூடும், நெடுஞ்சாலையில் ஆர்பிஎம்மும் கொஞ்சம் கூடும். டிஃபரன்ஷியலைப் பிரிக்கிற வேலை என்பதால் கைதேர்ந்த மெக்கானிக் வேண்டும், ஆனால் எலெக்ட்ரானிக்ஸில் எதையும் தொடாமல் வண்டியின் குணம் மாறுகிற வழி இது. இதன் அடுத்த தலைமுறையான ஜிஆர்86-இல் 2.4 லிட்டர் இன்ஜின் வந்து 250 நியூட்டன் மீட்டரை 3,700 ஆர்பிஎம்மிலேயே கொடுப்பதால் அந்த வண்டிக்காரர்களுக்கு இந்தப் பத்திகள் தேவைப்படாது, நேரே டயர் கடைக்குப் போகலாம்.

பெடல் பாக்ஸ்: வேண்டும் என்றால் இப்படி

நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனாலும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒழுங்காக மாட்டுங்கள்.

பெடலுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே கேபிள் கிடையாது. பெடலின் உச்சியில் இரண்டு சென்சார்கள், இரண்டும் தனித்தனி வோல்டேஜ் அனுப்பும், ஈசியூ இரண்டையும் ஒப்பிட்டு, ஒத்துப்போனால்தான் நம்பும். பெடல் பாக்ஸ் இந்த இரண்டு சிக்னலையும் நடுவழியில் வாங்கி, பெருக்கி, மேலே அனுப்புகிறது. நல்ல பாக்ஸ் இரண்டையும் ஒரே மாதிரி மாற்றும். மோசமான பாக்ஸில் இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் வந்துவிட்டால் பி2138 என்ற கோடு விழும், செக் இன்ஜின் விளக்கு எரியும், வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பவரைக் குறைத்துக்கொண்டு நத்தையாக ஊரும். முந்திக்கொண்டிருக்கும் நேரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மாட்டுவது இப்படி: இக்னிஷனை அணைத்து, சாவியை வெளியே எடுத்துவைத்து, வண்டியைப் பூட்டி, கால் மணி நேரம் விடுங்கள், கம்ப்யூட்டர்கள் தூங்க வேண்டும். அப்புறம் ஓட்டுநர் சீட்டைப் பின்னால் தள்ளி, மல்லாந்து படுத்து டார்ச் அடித்தால் ஆக்ஸிலரேட்டர் பெடலின் மேல்நுனியில் கனெக்டர் தெரியும். லாக்கை விரலால் அழுத்திக்கொண்டே கனெக்டரின் உடலைப் பிடித்து இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள், ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பாதீர்கள். பாக்ஸின் ஒரு முனை பெடலுக்கு, மறுமுனை வண்டி ஒயருக்கு, இரண்டிலும் 'கிளிக்' கேட்க வேண்டும். பிறகுதான் முக்கியமான வேலை: அந்த உபரி ஒயரையும் பாக்ஸையும் கேபிள் டை போட்டு, ஸ்டீயரிங் தண்டு, கிளட்ச் பெடல், பிரேக் பெடல் மூன்றின் பாதையிலிருந்தும் தள்ளி, ஆடாத இடத்தில் கட்டுவது. டபுள் டேப்பை மட்டும் நம்பாதீர்கள், வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் பசை இளகிவிடும். கழன்று விழுந்த பாக்ஸ் பிரேக் பெடலுக்கு அடியில் போய் உட்கார்ந்தால் பிரேக் பிடிக்காது, அவ்வளவுதான். கட்டி முடித்து, மூன்று பெடலையும் கடைசி வரை மிதித்து, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, எதிலும் உரசவில்லை என்று உறுதி செய்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

முதலில் இருப்பதிலேயே மிதமான அளவில் வைத்து ஓட்டுங்கள். மேனுவலில் இதன் கெடுதல் நெரிசலில் தெரியும்: கிளட்ச் கடிக்கிற இடத்தில் ஒரு மில்லிமீட்டர் கால் அசைந்தாலே ஆர்பிஎம் குதிக்கும், வண்டி உதறும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கழுத்தைத் தடவிக்கொள்வார். பெடலின் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே எல்லாம் முடிந்துவிட்டால் மிச்ச தூரம் வெறும் காலி. வளைவு நடுவில் பின்சக்கர வண்டியை ஆக்ஸிலரேட்டரால் அளந்து அளந்து ஓட்டுவதுதான் இந்த வண்டியின் உயிரே, அந்த அளவுகோலைக் கையிலிருந்து பிடுங்கி வீசுகிற வேலை இது. ஈரச் சாலையில் இன்னும் மோசம்.

செய்வதானால் ஈசியூ ட்யூன்

என்னைக் கேட்டால், ஸ்போர்ட் மோடு என்ற ஆசைக்கு மேனுவல் வண்டியில் நேர்மையான வழி இது. ஈகூடெக் போன்ற மென்பொருளில் இந்த வண்டிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மேப்களை (இன்ஜின் எப்படி நடக்க வேண்டும் என்கிற கணக்குகள்) ஒரே ஈசியூவில் ஏற்றி, க்ரூஸ் கன்ட்ரோல் லீவராலேயே மாற்றிக்கொள்ள முடியும். தனி சுவிட்ச் வேண்டாம், டேஷில் துளை போட வேண்டாம், வேண்டாம் என்றால் பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றிவிடலாம்.

ட்யூனரிடம் போகும்போது 'நல்லா பண்ணிக் கொடுங்க' என்று மட்டும் சொன்னால் அவருக்குப் பிடித்த வண்டிதான் திரும்பி வரும். என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். நான் கேட்கச் சொல்வது: பெடலின் முதல் 15, 20 சதவீதத்தைத் தொடாதீர்கள், கிளட்ச் விடுகிற இடம் அது, கம்பெனி வைத்த மென்மை அங்கே இருக்கட்டும், நடுப்பகுதியில் ஏற்றத்தைக் கூட்டுங்கள், கடைசியில் மறுபடி சீராகட்டும். அப்புறம் கியர் மாற்றும்போது ஆர்பிஎம் தொங்குவதைக் குறைக்கச் சொல்லுங்கள். கிளட்சை மிதித்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் த்ராட்டில் உடனே மூடாமல் மெல்ல மூடுவது பெரும்பாலும் புகைக் கட்டுப்பாட்டுக்காகக் கம்பெனி வைப்பது, ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது வருகிற அந்த உதறலுக்குப் பாதி காரணம் அதுதான். இதைச் சரிசெய்தாலே பலருக்கு வண்டி புதிதாகத் தெரியும், ஸ்போர்ட் என்ற சொல்லே மறந்துவிடும்.

இன்னொரு மேப்பையும் கேளுங்கள், யாரும் கேட்காதது: மழைக்கானது. பெடலை கம்பெனி அளவைவிடவும் மந்தமாக்கிய ஒரு மேப். ஆட்டோமேட்டிக்காரர்களுக்கு ஸ்போர்ட் எதிரிலேயே ஸ்னோ என்று ஒன்று இருக்கிறது, நாம் ஸ்போர்ட்டைப் பார்த்தே ஏங்குகிறோம், ஆனால் அடைமழையில் ரவுண்டானாவைத் திரும்பும்போது நிஜமாக உதவுவது இந்த மந்தமான பெடல்தான்.

கியர் இறக்கும்போது தானாக ரெவ் மேட்ச் செய்யும், அதாவது இன்ஜின் ஆர்பிஎம்மைப் புதிய கியருக்கு ஏற்ப ஏற்றும், வசதியும் இந்த மென்பொருளில் உண்டு. இதைக் கம்பெனியே முதலில் மேனுவலில் கொண்டுவந்தது நிசான், 370இசட்-இல், லீவர் பக்கத்தில் 'எஸ்' என்று ஒரு பட்டன் வைத்து. அங்கே லீவர் எந்த கியருக்குப் போகிறது என்று சொல்ல சென்சாரே இருந்தது. அப்படிப்பட்ட சென்சார் இல்லாத வண்டியில் மென்பொருள் ஊகித்துத்தான் செய்ய வேண்டும், அதனால் 370இசட் அளவுக்குத் துல்லியத்தை எதிர்பார்க்காதீர்கள். என் அபிப்பிராயம், இந்த வண்டியின் பெடல்கள் ஒரே காலால் பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் மிதிக்கிற குதிகால்-கட்டைவிரல் வித்தைக்கு நன்றாகவே அமைந்திருக்கின்றன, காலால் பழகுங்கள். அது வரும்போது கிடைக்கிற சந்தோஷத்தை எந்த ஃபைலும் தராது.

ஃப்ளாஷ் செய்யும், அதாவது ஈசியூவில் புதிய ஃபைலை ஏற்றும், நாளில் கவனிக்க வேண்டியவை. கம்பெனி ஃபைலின் நகல் ஒன்றை முதலில் எடுத்து, லேப்டாப்பில் ஒன்று, வேறு இடத்தில் ஒன்று என்று வையுங்கள். பேட்டரியோடு நிலையான வோல்டேஜ் தருகிற சார்ஜரை இணையுங்கள், பாதியில் வோல்டேஜ் விழுந்தால் ஈசியூ செங்கல்லாகிவிடும். ஏசி, விளக்கு, ஆடியோ எல்லாம் அணைந்திருக்க வேண்டும், லேப்டாப் தூங்கப்போகாதபடி செட்டிங்கை மாற்றி சார்ஜரில் போட்டிருக்க வேண்டும், அப்டேட் எதுவும் தானாக ஆரம்பிக்கக் கூடாது. வேலை முடியும் வரை கதவைத் திறந்து மூடி விளையாட வேண்டாம்.

இந்த இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் 12.5:1, டர்போ இல்லாத வண்டிக்கு இது கணிசம். பிரீமியம் பெட்ரோலுக்காகச் செய்த இன்ஜின், ட்யூன் செய்த பிறகு சாதா பெட்ரோல் ஊற்றவே கூடாது. சில நாள் ஓட்டிவிட்டு மூன்றாவது கியரில் ஒரு லாக் (ஓடும்போது இன்ஜின் எண்களின் பதிவு) எடுத்து ட்யூனருக்கு அனுப்புங்கள். நாக் கரெக்ஷன், இக்னிஷன் அட்வான்ஸ் மல்டிப்ளையர், ஃப்யூல் ட்ரிம் மூன்றையும் அவர் பார்ப்பார். அந்த மல்டிப்ளையர் 1-இல் நிற்க வேண்டும், அதற்குக் கீழே இறங்கி நின்றால் ஈசியூ 'நாக்' சத்தத்தை (பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பது) கேட்டு இக்னிஷனைப் பின்வாங்குகிறது, பெட்ரோலோ மேப்போ சரியில்லை. லாக் கேட்காத ட்யூனரிடம் போக வேண்டாம்.

2012, 2013-இல் தயாரான வண்டி என்றால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை: வால்வ் ஸ்பிரிங் உடையும் அபாயத்துக்காக 2018-இல் இந்த வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. சேசிஸ் எண்ணை டீலரிடம் கொடுத்து உங்கள் வண்டிக்கு அது பொருந்துமா, வேலை முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். முடிந்திருந்தால் யார் செய்தது, பிறகு ஆயில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள், இன்ஜினைப் பிரித்துச் செய்கிற வேலை என்பதால் வேலைத்தரம் இடத்துக்கு இடம் மாறுகிறது. இது தீராமல் ஆர்பிஎம்மைக் கூட்டுகிற எந்த ட்யூனும் வேண்டாம்.

வாரன்டி இருக்கும் வண்டியில் ட்யூனை மறைக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஈசியூவில் இருக்கும் ஃபைலுக்கு ஒரு சரிபார்ப்பு எண் உண்டு, சிவிஎன் என்பார்கள், ஃபைல் மாறினால் அதுவும் மாறும், டீலரின் கருவி அதைப் படிக்கும். இன்ஷூரன்ஸ் அதைவிட முக்கியம். பிரிட்டனில் ஹெடர், ட்யூன், பெடல் பாக்ஸ் எதுவானாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் விட்டால் விபத்து நாளில் பணம் தர மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். ஜெர்மனியில் இன்ஜின் மாற்றங்கள் வண்டியின் பதிவுத் தாளில் ஏற வேண்டும். நீங்கள் இருக்கும் நாட்டின் விதியைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள், ட்யூனர் சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

எந்த வரிசையில்

கையில் இருக்கும் பணத்துக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் டயர். இந்த வண்டி ஆலையிலிருந்து வந்தபோது போட்டிருந்தது 215/45 ஆர்17 அளவில் மிஷலின் ப்ரைமஸி எச்பி, பிடி குறைவான டயர், வேண்டுமென்றே வைத்தது, வேகம் குறைவாக இருக்கும்போதே வண்டி நழுவி விளையாட வேண்டும் என்பதற்காக. அந்த விளையாட்டு பிடித்திருந்தால் அப்படியே விடுங்கள். பிடி வேண்டும் என்றால் நல்ல கோடை டயர் ஒரு செட், அதோடு சரியான அலைன்மென்ட், புதிய பிரேக் ஃப்ளூயிட். இதைப் போட்டு ஓட்டிப் பார்த்த பிறகும் நடு ஆர்பிஎம் பள்ளம் உறுத்தினால் கேட்டலிஸ்ட் உள்ள ஹெடரும் ட்யூனும், இரண்டையும் சேர்த்தே. பெடலும் ஆர்பிஎம் தொங்கலும் மட்டும்தான் குறை என்றால் ட்யூன் போதும். பெடல் பாக்ஸ் கடைசி, அதையும் நண்பரிடம் இரவல் வாங்கி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு.

வண்டியை விற்கும் நாள் வந்தால் பழைய ஹெடர், பழைய ஃபைல் இரண்டையும் வாங்குகிறவர் கையில் கொடுங்கள், எந்த மேப்பில் என்ன இருக்கிறது, என்ன பெட்ரோல் ஊற்ற வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி சர்வீஸ் புத்தகத்தோடு வைத்துவிடுங்கள்.